தைப்பூசத்தன்று எடுத்த ஒரே படம்

அனுப்புநர்:
துளசி புவனேஸ்வரன்,
கெலுகோர், பினாங்கு.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
கருணை மனு ஆய்வுக் குழு.

பொருள்: கொலைக் குற்றத்தின் பேரில் இருபத்து நான்கு ஆண்டுகளாகச் சிறையிலிருக்கும் என் கணவர் புவனேஸ்வரனின் வழக்கில், இணைத்துள்ள புகைப்படத்தைப் பரிசீலிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பட்டர்வொர்த்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தவர். 2001ஆம் ஆண்டு தைப்பூசம் முடிந்த நான்காம் நாள், அவருடன் தகராறில் இருந்த ஒப்பந்ததாரர் சுகுமாரன் வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டிவிட்டு நெற்றியில் முடி விழ ஓடியவர் என் கணவர்தான் என்று ஒரே ஒரு சாட்சி சொன்னார். ஏப்ரலில் என் கணவர் கைதானார். தூக்கு என்று தீர்ப்பாகி, பிறகு அது முப்பது ஆண்டுச் சிறையாக மாற்றப்பட்டது.

2. ஐயா, அன்று என் கணவர் தலையில் முடியே இல்லை. அதற்கு முன் எனக்கு இரண்டு கரு மூன்று மாதம்கூடத் தங்கவில்லை. மூன்றாவது தங்கினால் அவருக்கு மொட்டை போடுவதாகத் தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டேன். நேர்த்திக்கடனைக் கேலி செய்து துண்டறிக்கை எழுதிய மனிதர், எனக்காக நாவிதர் முன் குனிந்து உட்கார்ந்தார். சங்கத்துக்காரர்கள் சிரிப்பார்கள், வெளியே மூச்சு விடாதே என்று வயிற்றுப் பிள்ளை மேல் என்னிடம் சத்தியம் வாங்கினார். முடி வளரும்வரை தொப்பியைக் கழற்றவில்லை; கைதானபோது முடி வளர்ந்துவிட்டிருந்தது.

3. கைதான அன்று காவல் அதிகாரி என்னிடம், தைப்பூசத்துக்கு அவர் மொட்டை போட்டாரா என்று கேட்டார். உள்ளே அவரே அதைச் சொல்லிவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. எனக்கு எட்டு மாதம். இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். பிள்ளை மேல் செய்த சத்தியத்துக்குப் பயந்து, அவருக்கு அதிலெல்லாம் நம்பிக்கையே கிடையாது என்று சொல்லிக் கையெழுத்திட்டேன். நீதிமன்றத்தில் என் வாக்குமூலத்தையும் அவருடைய துண்டறிக்கையையும் அடுத்தடுத்து வாசித்தார்கள். பிறகு நான் உண்மையைச் சொன்னபோது, புருஷனைக் காப்பாற்றப் பேச்சை மாற்றுகிறாள் என்றாகிவிட்டது. அவரை உள்ளே வைத்தது அந்தச் சாட்சி மட்டுமல்ல ஐயா, நானும்தான்.

4. இந்தப் படம் தைப்பூசத்தன்று மலையடிவாரத்தில் எடுத்தது. எடுத்தவர் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் படக்கடை வைத்திருந்த ஹாரிஸ் அண்ணன். அவரும் இப்போது இல்லை, நெகட்டிவும் இல்லை. படத்தில் தேதி இல்லை என்று என் மனுவை ஐந்து முறை தள்ளிவிட்டார்கள். தேதி இல்லைதான். ஆனால் பின்னால் காவடிகள் தெரிகின்றன. மொட்டைத் தலையில் சந்தனத்துடன் அவர் நிற்கிறார். பக்கத்தில் ஆறு மாத வயிற்றுடன் நான் நிற்கிறேன். நான் பெற்றது ஒரே பிள்ளை. என் மகள் ஷர்மினி 2001 மே மாதம் பிறந்தாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழையும் இணைத்திருக்கிறேன். இதைவிட வேறு தேதி என்னிடம் இல்லை.

5. கருணை மனுவில் கையெழுத்திட அவர் மறுக்கிறார்; செய்யாததற்கு எதற்கு மன்னிப்பு என்கிறார். அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். எனக்கும் நம்பிக்கை மிச்சமில்லை. இதுவரை நகலையே அனுப்பினேன். இது அசல். வீட்டில் வைத்திருந்து இனி என்ன செய்யப்போகிறேன்?

ஆகவே, தாங்கள் படத்தை ஒரு முறை கையிலெடுத்துப் பார்த்து, வழக்கை மறு ஆய்வுக்குப் பரிந்துரைக்குமாறு மன்றாடுகிறேன். போன மாதம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரைப் பார்த்தேன். புற்றுநோய் மருந்தில் முடியெல்லாம் கொட்டி, இந்தப் படத்தில் இருப்பதுபோலவே இருக்கிறார். இப்போது யாரும் அதற்கு ஆதாரம் கேட்கவில்லை.

இடம்: பினாங்கு
நாள்: 17.11.2025

சொல்ல வேண்டிய நாளில் சொல்லத் தவறிய,
(கையொப்பம்)
துளசி புவனேஸ்வரன்

இணைப்பு: புகைப்படம் (அசல்), பிறப்புச் சான்றிதழ் நகல்