கப்பலில் வந்த அண்ணன்

முருகன் துணை

மரைன் ஹில்,
போர்ட் பிளேர்.
12-3-1967

மரியாதைக்குரிய இந்திராணி அப்பாவுக்கு, விசாலாட்சி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் சின்னவள் ஜெயமணியும் சௌக்கியம். இந்திராணி சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. தபாலில் போட்டால் உங்களிடம் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் நாளைக் காலை திக்லிபூர் படகில் வருகிற குழந்தைவேலுவிடம் கொடுத்தனுப்புகிறேன். ரோடு வேலை நடக்கிற இடத்துக்கே போய் உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். சாயங்காலம் குளித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம் என்று சட்டைப் பையில் வைத்துவிடாதீர்கள். அது உங்கள் வழக்கம். இந்த ஒரு கடிதத்தை மட்டும் நின்ற இடத்திலேயே படியுங்கள்.

நீங்கள் எழுதியபடிதான் எல்லாம் செய்தேன். சனிக்கிழமை மெயின்லேண்ட் கப்பலுக்கு இந்திராணி பெயரில் டிக்கெட் எடுத்தாயிற்று. பஜாரில் கடை வைத்திருக்கிற நாகூர் கனி வீட்டார் அதே கப்பலில் ஊருக்குப் போகிறார்கள். அவர் மனைவி ரஹ்மத்துன்னிசா, என் மகளைப் போலக் கூடவே வைத்துக்கொள்கிறேன், மெட்ராஸ் துறைமுகத்தில் உங்கள் ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் நாகூர் போவேன் என்று சொல்லியிருக்கிறார். உங்கள் தங்கையின் கொழுந்தனார் மனைவியை இழந்து நிற்கிறார், தங்கமான மனுஷர், சித்திரையில் முகூர்த்தம் என்று எழுதியிருந்தீர்கள். தங்கமானவராகவே இருக்கட்டும். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வியாழக்கிழமை மாவாட்டிக்கொண்டிருந்தேன். இந்திராணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து மாவைத் தள்ளிக் கொடுத்தாள். அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ‘கப்பல்ல ஏறச் சொல்றீங்க, ஏறிடறேம்மா. அந்தப் பக்கம் எறங்குவேன்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க’ என்றாள். கை கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். சின்னப் பெண் கோபத்தில் பேசுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் கப்பல் நினைவு வந்தது. அந்தக் கப்பலின் மேல்தளத்துக் கம்பி என் இடுப்பு உயரம்கூட இருக்காதே. ரஹ்மத்துன்னிசா எத்தனை நேரம்தான் கண் மூடாமல் இருப்பார்?

அப்படியானால் அனுப்பாமல் வைத்துக்கொள் என்பீர்களா? மாட்டீர்கள். அனுப்பாவிட்டால் இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று எழுதியவர் நீங்கள். அதையும் அவள் படித்துவிட்டாள். அனுப்பவில்லை, இங்கேயே இரு என்று நான் சொன்னதற்கு, ‘என்னால அப்பா வராத வீட்டுல நான் எதுக்கும்மா? கப்பல் என்ன, இந்தத் தீவுல எந்தப் பக்கம் நடந்தாலும் கடல்தானே’ என்றாள். அன்றிலிருந்து அவளைத் தண்ணீர்க் குழாய்க்குக்கூடத் தனியாக அனுப்புவதில்லை. ஜெயமணிக்கு இருமல் என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூடத்தை நிறுத்தி, அக்காவோடு வைத்திருக்கிறேன். அடுத்த வீட்டு வங்காளி அம்மாள்கூட, ‘தீதி, பெரிய லட்கிக்கு, உன் பொண்ணுக்கு, உடம்பா, இளைச்சுப் போச்சே’ என்று கேட்டுவிட்டாள். காய்ச்சல் என்று சொல்லி வைத்தேன்.

பன்னீர்செல்வத்தைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள் அவள். நீங்கள் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. சொக்கலிங்கம் உங்களுக்கு அண்ணன், அவர் மகன் பன்னீர்செல்வம் இந்திராணிக்கு அண்ணன், அண்ணனுக்குத் தங்கையைக் கட்டுகிற குடும்பமா நாம் என்று கேட்கிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். அவர் உங்களுக்கு எப்படி அண்ணன் ஆனார்? நாம் இந்தத் தீவுக்கு வந்தபோது கப்பலில் நீங்கள் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தீர்கள். முன்பின் தெரியாத அந்த மனுஷர் உங்கள் தலையைப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தைக் கீறி முகர வைத்தார். நீங்கள் அண்ணா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். வயிற்றில் இந்திராணியோடு மூலையில் கிடந்தேனே, எனக்கும் அவர்தான் கஞ்சி கொண்டு வந்து கொடுத்தார். நானும் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆளை அண்ணா என்று கூப்பிட்டால் முறை என்ன ஆகும் என்று அந்தக் கப்பலில் யார் யோசித்தார்கள்? கரையைக் கண்ணால் பார்ப்போமா என்றிருந்தது நமக்கு.

கரை இறங்கிய பிறகாவது யோசித்தோமா? அதுவும் இல்லை. நமக்குச் சௌகரியப்பட்டபோதெல்லாம் சௌகரியப்பட்ட முறையை வைத்துக்கொண்டோம். இந்திராணிக்குக் காது குத்த மடி வேண்டியிருந்தது, கூடப் பிறந்தவன் எனக்கு இல்லை. அவர்தான் தாய்மாமனாக உட்கார்ந்தார். அவள் பெரியவளானபோது சிப்பிகாட்டில் தம் வீட்டிலிருந்து லாரியில் தென்னோலை கொண்டுவந்து குச்சு கட்டினாரே, எந்தப் பெரியப்பன் குச்சு கட்டுவான்? அன்றைக்கு நீங்கள் வாயெல்லாம் பல்லாக நின்று, மாமன் சீர் பார்த்தீர்களா என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினீர்கள். அவருடைய தகப்பனார் ஊரில் காலமானார் என்று தந்தி வந்து, போகக் கப்பல் இல்லாமல் இங்கேயே கடற்கரையில் காரியம் செய்தார்கள். அப்போது மட்டும் நீங்கள் பங்காளியாகி அவரோடு உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டீர்கள். நானும் உங்களோடு தீட்டுக் காத்து அந்த வருஷம் தீபாவளியை விட்டேன். பிள்ளை பாவம், உங்கள் எதிரில் பெரியப்பா என்பாள், என் எதிரில் மாமா என்பாள். அவரும் இரண்டுக்கும் என்ன கண்ணு என்று திரும்புவார். எல்லோரும் சிரித்துக்கொண்டுதானே இருந்தோம்.

இதில் பக்தவத்சலம் வருஷா வருஷம் போடுகிற பொங்கல் நாடகம் வேறு வந்து சேர்ந்தது. போன பொங்கல்வரை பெண் வேஷத்துக்கெல்லாம் அவரே மீசையை எடுத்துக்கொண்டு நின்றார். இந்த வருஷம் கடலோர ஊர்க் கதை, தகப்பனைக் கடல் கொண்டுபோன பிறகு அண்ணன் தங்கையை வளர்க்கிறான், ஊரே கூடி அவளுக்குக் கல்யாணம் செய்கிறது, நிஜமான பெண் நடித்தால்தான் எடுபடும் என்று வீடு வீடாகக் கேட்டார். ஒரு வீட்டிலும் விடவில்லை. நீங்கள்தான், கூட நடிக்கிறவன் அவள் அண்ணன்தானே, போகட்டும் என்று பெருந்தன்மையாகச் சொன்னீர்கள். தீபாவளி முதல் பொங்கல்வரை ஒத்திகைக்குப் பன்னீர்செல்வம் சைக்கிளில் வந்து அழைத்துப் போனான், கொண்டுவந்து விட்டான். ஊரும் ஒன்றும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. நாடகத்தன்று அண்ணன் தங்கையை அனுப்பி வைக்கிற இடத்தில் நீங்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினீர்கள். ஊரே விம்மியது. மேடையில் நின்ற அந்த இரண்டு பேர் மட்டும் வேறு எதற்கோ அழுதிருக்கிறார்கள். இப்போது பஜாரில் போனால், நாடகத்தில் அண்ணன் தங்கையாக நடித்த பிள்ளைகளா என்று காதுபடவே பேசுகிறார்கள். நம் ஆட்களில் வங்காளிப் பெண்ணைக் கட்டியவர் உண்டு, தெலுங்கனுக்குப் பெண் கொடுத்தவர் உண்டு. யார் என்ன சாதி என்று கேட்காத ஊரில் என் பெண்ணுக்கு மட்டும் முறை கேட்கிறார்கள்.

நேற்று ஜெயமணியை அக்காவோடு இருக்கச் சொல்லி, பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளையும் கூட உட்கார வைத்துவிட்டு, பஸ் பிடித்து சிப்பிகாட்டுக்குச் சொக்கலிங்கம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அலமு அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எந்த முறையாக இருந்தாலும் அவள் என் வீட்டுக்கு வரட்டும் விசாலம் என்றார். பன்னீர்செல்வம் கிணற்றடியிலேயே நின்றான், முகத்தில் ஈ ஆடவில்லை. இரண்டு அப்பாக்களும் தட்டு மாற்றாமல் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள இரண்டு பேருக்கும் மனசு இல்லையாம். அது உங்கள் வளர்ப்பு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சொக்கலிங்கம் அண்ணன் முதலில் எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். பிறகு, ‘தம்பி எங்கூட ஒக்காந்து மொட்ட போட்டவன்மா. அவன் பொண்ண நான் கேட்டா ஊரு காறித் துப்பும். அவனே வாயத் தொறந்து என்னை மச்சான்னு கூப்பிடட்டும், மறுநாளே தட்டோட வந்து நிக்கிறேன். அவன் கூப்பிடாம நான் கூப்பிட்டா, அவனை நான் தலைமுழுகின மாதிரி ஆயிடும்’ என்றார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. இந்திராணி சொன்னதை அவர்களிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பையன் என்ன செய்வானோ என்று பயம். இரண்டு வீட்டிலும் இழவுக்குப் பாய் விரிக்க வேண்டி வந்தால் நான் யாரிடம் போய் அழுவேன்?

இப்போது எல்லாம் உங்கள் ஒரு வாய்ச்சொல்லில் வந்து நிற்கிறது. அவரை உங்கள் அண்ணன் இல்லை என்று சொல்லச் சொல்லவில்லை. அவர் எனக்கு அண்ணன் என்று ஒப்புக்கொள்ளுங்கள், அது போதும். உங்களுக்கு அவர் மச்சானாகிவிடுவார், நீங்கள் போட்ட மொட்டை மைத்துனன் அன்பில் போட்டதாக இருந்துவிட்டுப் போகட்டும். மொட்டை போட்ட முடி என்றைக்கோ வளர்ந்தாயிற்று. திக்லிபூர் போலீஸ் ஸ்டேஷனில் வயர்லெஸ் இருக்கிறது, அவசரம் என்றால் செய்தி அனுப்புவார்கள் என்று குழந்தைவேலு சொல்கிறார். உங்கள் ஆபீசர் எழுதிக் கொடுப்பார். சொக்கலிங்கம் பெயருக்கே அனுப்புங்கள். மச்சான், என் பெண்ணை உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தால் போதும். ஊர் பேசினால் என்னைப் பேசட்டும். நான் காது கேட்காதவளாக இருந்துவிடுகிறேன்.

செய்தி வராவிட்டால் நான் அவளோடு கப்பலேறுகிறேன். ஜெயமணியை அலமு அண்ணியிடம் விட்டுவிட்டு, என் முந்தானையை அவள் முந்தானையோடு முடிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் நானும் மனுஷிதான். எனக்கும் கப்பலில் தலை சுற்றும், கண் அசரும். எழுதவே பயமாக இருக்கிறது. உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. பெண்மேல் உங்களுக்கு இருக்கிற பாசம் எனக்குத் தெரியும். அந்தப் பாசத்தை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

காட்டு வேலையில் அட்டைக்கடி இருக்கும், காலுக்கு உப்புத் தடவிக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். முருகன் உங்களுக்கு நல்ல புத்தியையும் நல்ல வார்த்தையையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் காலைத் தொட்டுக் கேட்கும்
விசாலாட்சி

பின்குறிப்பு: ஒட்டிய கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். சற்றுமுன் இந்திராணி, ‘என் பெட்டியக் கட்டிட்டேம்மா, நீங்க சிரமப்பட வேணாம்’ என்றாள். மனசு மாறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டு, கனமாக இருக்கிறதா பார்க்கலாம் என்று தூக்கினேன். ஒரு கையாலேயே வந்துவிட்டது. திறந்து பார்த்தேன். உள்ளே மாற்றுச் சேலைகூட இல்லை. அவள் துணியெல்லாம் ஜெயமணிக்கு அளவு பிடித்துத் தைத்து, அலமாரியில் மடித்து வைத்திருக்கிறாள். பெட்டியை அப்படியே மூடிவிட்டேன், நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. மச்சான் என்று அனுப்புங்கள். இன்றைக்கே அனுப்புங்கள்.