கிழக்குப் பாத்தி

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் நாறுகிறது. பள்ளிக்குக் கிளம்பும் முன் போய்ப் பார்த்தேன். மேற்குப் பாத்தியில் நாணல் ஆளுயரம் நிற்கிறது. கிழக்கில் நுனியெல்லாம் பழுப்பு, ஜல்லியைக் கிளறினால் அழுகின முட்டை வாடை.

இருபத்து நான்கு வீட்டின் குளியல் தண்ணீரும் அடுப்படித் தண்ணீரும் இந்த இரண்டு பாத்திகளில்தான் இறங்குகிறது. நாணல் வேரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அழுக்கைத் தின்று தீர்த்த பிறகுதான் அது ஓடைக்குப் போக வேண்டும். அதற்காகத்தானே எந்த சோப்பு வாங்கலாம், எந்தப் பொடி கூடாது என்று பட்டியல் போட்டு வீட்டுக்கு வீடு ஒட்டினேன்? எல்லாரும் படித்தவர்கள்தானே?

லிட்மஸ் தாளை நனைத்தேன். சிவந்துவிட்டது. யாரோ குழாயில் ஆசிட் ஊற்றுகிறார்கள். பள்ளி லாபில் இருபத்திரண்டு வருடம் குடுவை கழுவியவளுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

மார்ச் 8, சனி

பார்வையாளர்கள். இரண்டு வேன் நிறைய. இந்தக் குடியிருப்பை வரைந்து கட்டியவரை ஒரு பத்திரிகை 'முன்னோடி' என்று எழுதியது. அன்றிலிருந்து நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம், முதுகுக்குப் பின்னால். எந்த வேலைக்கும் கடைசியில் வருகிற முன்னோடி. வீட்டுக்கு வாரம் நான்கு மணி நேரம் பொது வேலை என்பது இங்கே ஒப்பந்தம். அவருடைய நான்கு மணி நேரம் பேச்சிலேயே கழிந்துவிடும். "இங்க கழிவுன்னு ஒண்ணே கிடையாதுங்க" என்றார் இன்றும். காற்று அந்தப் பக்கம் வீசாததால் பிழைத்தார்.

எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தார். ஏப்ரல் இரண்டாம் தேதி நகராட்சி ஆள் தண்ணீர் மாதிரி எடுக்க வருகிறார். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருக்கிறோம். மூன்றாவதும் தோற்றால் ஊர்ச் சாக்கடையில் இணைத்துவிட்டுப் பாத்திகளை மூடிவிடுவார்கள். அந்த இடத்தில் கார் நிறுத்துவார்களாம்.

"அன்னைக்கு மட்டும் மேற்குலேருந்து எடுத்துக் குடுத்துடுங்களேன்."

"நான் பொய் ரீடிங் எழுதினதே இல்ல."

"பொய் இல்லம்மா, ஒரு ஏற்பாடு."

ஏற்பாடாம் ஏற்பாடு! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஏற்பாடு. எட்டு வருடமாக இந்தச் சேற்றில் முழங்கால் வரை நின்று நாணல் நட்டவள் நான். அவருக்கு அது போட்டோவில் பின்னால் தெரியும் பச்சை.

மார்ச் 9, ஞாயிறு

மீட்டிங்கில் கத்தினதில் தொண்டை கட்டிவிட்டது. வீட்டில் என் புருஷன் இன்றைக்கு என்னோடு பேசவே இல்லை. நல்லதாகப் போயிற்று.

மார்ச் 12, புதன்

கிழக்குக் குழாயில் எட்டு வீடு. சேம்பர் மூடிகளைக் கடப்பாறையால் நெம்பித் திறந்து ஒவ்வொன்றிலும் தாள் போட்டேன். மேட்டு வரிசை நான்கும் சுத்தம். பள்ளத்து வரிசை நான்கும் ஒரே சேம்பரில் சேர்கிறது. அங்கேதான் சிவப்பு.

அந்த நான்கில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. ஒன்று தையல்காரர் வீடு, அவர் சோப்பையே எண்ணி எண்ணிச் செலவழிப்பவர். ஒன்று நாங்கள். மிச்சம் நர்ஸ். வாடகைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, அவளும் நடக்க முடியாத அவள் அம்மாவும். ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கேன் தூக்கிக்கொண்டு வருகிறாள், நானே பார்த்தேன். அவளிடம் கேட்க என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரிக் கேனில் பன்னீரா வரும்?

மார்ச் 16, ஞாயிறு

இன்றைய மீட்டிங்கில் நான் நாற்பது நிமிடம் பேசினேன். புது விதி கொண்டுவந்தேன்: குழாயில் ஆசிட் ஊற்றியது எந்த வீடோ அந்த வீடு காலி செய்ய வேண்டும். பத்தொன்பது கை உயர்ந்தது. உயர்ந்த கைகள் இறங்குவதற்குள் நர்ஸைக் கேட்டேன்.

"நீ என்ன சொல்ற?"

"அக்கா, நான் ஊத்தல."

"அப்ப அந்தக் கேனெல்லாம்?"

"காலிக் கேன்க்கா. வெட்டி மண்ணு போட்டுக் கீரை வெச்சிருக்கேன். வந்து பாருங்க."

யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. நானும்தான். பொய் சொல்கிறவர்களும் 'வந்து பாருங்க' என்றுதான் சொல்வார்கள்.

மாதக் கடைசிக்குள் காலி செய்யட்டும் என்று முன்னோடி முடித்துவைத்தார். "அவங்க வாடகைக்குத்தானே இருக்காங்க" என்று சமாதானம் வேறு. அவள் என்னை மட்டும் பார்த்தாள். "அம்மாவ வெச்சுக்கிட்டு ரெண்டு வாரத்துல நான் எங்கக்கா போவேன்?"

எனக்குப் பாவமாக இல்லை. எழுதியே வைக்கிறேன். பாவமாக இல்லை.

மார்ச் 19, புதன்

எப்படி எழுதுவேன் இதை.

காலையில் குளியலறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் போகிற துளையின் மேல் இருக்கும் கம்பி வலை கறுத்திருந்தது. மேல் பூச்சு உரிந்து, அரித்து, ஓரம் பொடிப் பொடியாக. எது இப்படி அரிக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் தாள் எடுத்து வந்தேன். சிவந்தது. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பஸ் டூட்டி முடிந்து மூன்று மணிக்கு வந்தார். வலையைக் கையில் கொடுத்தேன். யூனிஃபார்மைக் கூடக் கழற்றவில்லை, அப்படியே நின்றார்.

"வாரா வாரம் அடைச்சுக்குதும்மா. உன் முடிதான்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கத்துவ."

"நான் ஏங்க கத்தப்போறேன்!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னலைச் சாத்தினார்கள்.

நான்கு மாதமாக. ஞாயிறுதோறும், நான் மீட்டிங்குக்குக் கிளம்பிய பிறகு. நான் அங்கே பாத்தியைக் காப்பாற்றப் பேசுகிறேன், இவர் இங்கே ஆசிட் பாட்டிலைக் கவிழ்க்கிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டதும் வாயால்தான்.

"அந்தப் பொண்ணு மேல பழி விழுந்துச்சே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"நீதான விதி போட்ட. வீடு போயிடுமேன்னு பயந்துட்டேன்."

வீடு. எங்கள் இருவர் பேரிலும் இருக்கும் ஒரே வீடு. ஒரு வாரம் முழுக்க யோசித்து, ஓட்டை இல்லாமல் எழுதின விதி.

மார்ச் 20, வியாழன்

சொல்லாமல் இருந்தால் என்ன? வலையை மாற்றிவிடலாம். அவர் இனி ஊற்றப்போவதில்லை. பாத்தி தானே தேறும். யாருக்குத் தெரியும்?

முன்னோடியிடம் மட்டும் சொன்னேன், பயத்தை யாரிடமாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. அவர் ஆச்சரியப்படக்கூட இல்லை.

"நீங்க போயிட்டா பாத்திய யாரு பாத்துக்கறது? விடுங்க, அது அப்படியே இருக்கட்டும். வாடகைக்கு இருக்கறவங்க இன்னைக்கில்லன்னா நாளைக்குப் போறவங்கதானே."

கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. த்தூ! இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டே பொய்.

மார்ச் 22, சனி

நர்ஸ் வீட்டு வாசல் வரை போனேன். ஜன்னல் வழியே அட்டைப் பெட்டிகள், கயிறு தெரிந்தன. பால்கனியில் ஏழு வெள்ளைக் கேன், ஏழிலும் கீரை. கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

மீட்டிங்குக்கே வராத என் புருஷன் இன்று முதல் வரிசையில் உட்கார்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"ஊத்தினது நான். அந்தப் பொண்ணு இல்ல."

நானும் எழுந்தேன். "விதி நான் போட்டது. நாங்க காலி பண்றோம்" என்றேன். அப்புறம் நர்ஸைப் பார்த்து "மன்னிச்சுக்கோ" என்றேன்.

முன்னோடி கையை ஆட்டினார். "இத நாம தனியா பேசிக்கலாமே, எதுக்குக் கூட்டத்துல..."

"அவள மட்டும் கூட்டத்துல வெச்சுத்தானே கேட்டோம்? உங்களுக்கு அப்ப தனியாப் பேசத் தோணலையா? மூணு நாளா உங்களுக்குத் தெரியும்! தெரிஞ்சும் அந்த வீட்ல பெட்டி கட்டறதப் பாத்துட்டுதானே இருந்தீங்க! நானும்தான் இருந்தேன்!"

அப்போது தையல்காரர் தயங்கித் தயங்கிக் கை தூக்கினார். "எங்க வீட்லயும் ஒருக்கா ஊத்தியிருக்கோம்ங்க. அக்காவுக்குப் பயந்து சொல்லல." பின்னால் இன்னொரு கை. அப்புறம் இரண்டு. கடைசியாக முன்னோடியின் மனைவி, புருஷன் முகத்தைப் பார்க்காமலேயே. விதிப்படி ஆறு வீடு காலியாக வேண்டும். யாரோ சிரித்துவிட்டார்கள்.

நர்ஸ் சிரிக்கவில்லை. எழுந்து நின்று பேசினாள். "எங்க வார்டுல மருந்து மாத்திக் குடுத்துட்டேன்னு ஒருத்தர் வந்து சொன்னா, அவங்கள மொதல்ல திட்ட மாட்டோம். திட்டினா அடுத்த தடவ மறைப்பாங்க. மறைச்சா ஆள் செத்துடும். இங்க பாத்தி சாவுது, அவ்வளவுதான் வித்தியாசம்."

அவள் சொன்னதுதான் முடிவானது. எந்த வீட்டில் அடைத்தாலும் அந்த வாரம் முறைக்காரர் ரப்பர் பம்பும் கம்பியும் எடுத்துக்கொண்டு உடனே போக வேண்டும். ஏன் அடைத்தது என்று கேட்கக் கூடாது. அது பொது வேலை நேரத்தில் சேரும். என் விதியைக் கிழித்துப் போட்டார்கள். இருபத்திரண்டு கை. அவள் கை தூக்கவில்லை.

வெளியே வரும்போது அருகில் போனேன். "கூட்டத்துல சொன்னீங்க, கூட்டத்துலயே மாத்திச் சொல்லிட்டீங்க. சரி" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

நகராட்சி ஆளிடம் கிழக்குப் பாத்தித் தண்ணீரையே கொடுத்தேன். கூடவே நான் தேதி போட்டு எழுதிய தாள்: எந்தக் குழாய், என்ன ஊற்றினோம், எப்போது நிறுத்தினோம். "தப்ப இப்படி யாரும் எழுதிக் குடுத்ததில்லையே" என்று இரண்டு முறை படித்தார். வாடையிலேயே தேறாது என்று சொல்லிவிட்டார். ஆனால் மூடவில்லை. மூன்று மாதம் தவணை.

மே 11, ஞாயிறு

இந்த வாரம் என் முறை. மூன்று வீடு. எங்கும் ஏன் என்று கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக் கடித்தே புண்ணாகிவிட்டது.

ஜூன் 28, சனி

முன்னோடி இன்று பார்வையாளர்களிடம் அடைப்பு எடுக்கும் முறையை விளக்கினார். "இது எங்களோட சமூகக் கண்டுபிடிப்பு." எங்களோட! ஒரு நாள் அந்தப் பம்பைத் தொட்டதுண்டா இந்த மனுஷன்? நர்ஸ் பெயரை மூச்சுவிடவில்லை. நடுவில் புகுந்து நான் சொன்னேன். போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூலை 9, புதன்

தண்ணீர்ச் சோதனை முடிவு வந்துவிட்டது. மேற்குத் தேறியது. கிழக்கில் அழுக்கு வரம்புக்கு ஒரு நூல் மேலே. இன்னும் மூன்று மாதம் பார்க்கிறார்களாம். ஒரு நூல்! நகராட்சி லாபிலிருந்து வரும் வழியெல்லாம் எரிச்சல்.

இதுவும் என் முறை வாரம். என் முறை வருகிற வாரங்களில் மட்டும் நர்ஸ் வீட்டில் அடைப்பே வராது. திங்கட்கிழமை அடைத்தால் அடுத்த திங்கள் வரை பாத்திரத்தைக் குளியலறையில் கழுவிக்கொள்வாள் என்று தையல்காரர் சொல்லியிருக்கிறார். அதைக் குறை சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. அவள்தான். டூட்டி உடுப்போடு நின்றிருந்தாள்.

"சிங்க் அடைச்சிருக்கு."

பம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். படி ஏறும்போது திரும்பாமலேயே சொன்னாள்: "கோவம் போயிடுச்சுன்னு நெனைக்காதீங்கக்கா."

"போக வேணாம்" என்றேன். "பக்கெட்ட எடு."