கழுத்துவரை நிரப்பிய டேங்க்

மச்சான்,

மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் கையில் பெட்ரோல் வாடை போகவில்லை. எல்லாம் உன் கார் செய்த வேலை.

நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. உன் மனைவி லைசன்ஸ் எடுத்து, நீ ஓடிய அதே வாடகைக் கார் ஹயரை ஓடுகிறாள். தெரணியகலை டவுனுக்கும் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்கும். ஆனால் வளைவு ஏற ஏற, காருக்குள் அடிக்கும் வாடையில் ஆட்கள் வாந்தி எடுக்கிறார்களாம். மசக்கைக்காரிகள் ஏறவே மாட்டார்களாம். நேற்றுக் காலையில் என் கராஜுக்கு வந்து, "அண்ணே, உங்களாலயும் முடியாதுன்னா வித்துட்டு ரப்பர் வெட்டப் போறேன்" என்றாள்.

டேங்கில் எழும் ஆவி வெளியே போகாமல் ஒரு கரிப்பெட்டியில் தங்கி, அங்கிருந்து என்ஜினுக்குப் போய் எரியவேண்டும். அந்த வழி முழுவதையும் சோதித்தேன். டேங்க் மூடியின் ரப்பர் நன்றாக இருந்தது. என்ஜின் பக்கத்து வால்வைக் கழற்றி ஊதினேன், காற்றுப் போகவில்லை, அது சரிதான். பெட்டரி வயரைத் தொட வைத்ததும் டக்கென்று திறந்தது. குழாய்களுக்குள் புகை விட்டுப் பார்த்தேன், எங்கும் கசியவில்லை. கடைசியாகக் கரிப்பெட்டியைக் கழற்றினேன். லேசாக இருக்கவேண்டியது கைக்குக் கனத்தது. சரித்ததும் பெட்ரோல் கொட்டியது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பெட்ரோலுக்கு மூன்று நாள் வரிசையில் நின்றோமே, அந்தக் காலம். நம் முறை வந்ததும் நீ காரை ஆட்டி ஆட்டிக் கழுத்துவரை அடிக்க வைத்தாய். பெட்ரோல் ஷெட்காரர் சிங்களத்தில் "எத்தி மல்லி, எத்தி" என்று, போதும் தம்பி என்று, கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். கரிப்பெட்டிக்குள் பெட்ரோல் ஏறி நாசமாகப் போகும் என்று நானும் திட்டினேன்.

"நாளைக்கு கெட்டா நாளைக்கு பாத்துக்கலாம் மச்சான். மேல் டிவிஷன்ல ஒரு புள்ளத்தாச்சி நாள எண்ணிக்கிட்டு இருக்கா. வா, நீயும் ஒரு ஆட்டு ஆட்டு" என்றாய்.

திட்டிக்கொண்டே ஆட்டினேன்.

இதை உன் மனைவியிடம் சொல்லத் தயங்கினேன். இல்லாத ஆளைக் குறை சொன்னதாகிவிடுமே. ஆனாலும் என் பங்கையும் சேர்த்துச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "நானும் இன்னிவரைக்கும் ஷெட்ல ஆட்டிக்கிட்டுதானே அண்ணே நிக்கிறேன்! அவசரம்னு யாரு வந்தாலும் பெட்ரோல் இல்லன்னு சொல்லக்கூடாதுன்னு அவரு சொல்லி வச்சிருந்தாரு." எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அந்த நேரம் நீ பக்கத்தில் இருந்திருக்கவேண்டும் மச்சான்.

பெல்மதுளையில் ஒரு பழைய சாமான் கடையில் அதே மாதிரிக் கரிப்பெட்டி கிடைத்தது. பூட்டி, கசிவு பார்க்கக் காற்றடைத்து, மீட்டரைப் பார்த்தபடி இருவரும் மூச்சுவிடாமல் நின்றோம். முள் இறங்கவில்லை. பம்ப் தானாக நின்றால் அதோடு விட்டுவிடு, வேண்டுமென்றால் அடிக்கடி அடித்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.

இன்று நல்ல மழை. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, மாசமாக இருக்கும் ஒரு பெண்ணைக் கிளினிக்குக் கூட்டிப்போய் வந்திருக்கிறாள். அந்தப் பெண் வழி முழுவதும் தூங்கினாளாம். காரை விற்கும் பேச்சும் நின்றுவிட்டது.

கழுத்துவரை நிரப்பி வண்டியைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஆனால் உன்னால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. "யார கூட்டிக்கிட்டு போறதுக்கு இவ்வளவு அடிச்சீங்க?" என்று முதலில் கேட்கிறேன். அதற்குப் பிறகுதான் திட்டுகிறேன்.