அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சுவிட்ச்

மாப்ள,

இன்று காலை அந்த மாங்கூழ் பேக்டரி கேட்டைத் தாண்டியதும் காய்ச்சிய பெங்களூரா மாம்பழ வாசனை மூஞ்சியில் அடித்தது. "பாய், இந்தக் கூழ எத்தன சூட்டுல காய்ச்சுவாங்க?" என்று நீ கேட்பாய் என்று பக்கவாட்டில் திரும்பினேன். யாரும் இல்லை. தை மாதமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்விட்டாய் என்பது தெரிந்தும் திரும்பினேன். போன வாரம் இடி விழுந்து, நாம் சரிசெய்து கொடுத்த நெட்வொர்க் சுவிட்ச் கருகிவிட்டதாம். புதிதை வைக்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச், பிறகு தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரே கடை. அத்தனை வருஷமும் உன்னோடு வேலைக்குப் போவது பெரிய ரோதனை. எனக்கு வந்தோமா, முடித்தோமா, சோற்றுக்குப் போனோமா என்றிருக்க வேண்டும். நீ வாட்ச்மேனிடம் கேட்பாய், லாரி டிரைவரிடம் கேட்பாய். "நாம ஒயர் மாட்ட வந்தமா, சென்சஸ் எடுக்க வந்தமா?" என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். நீ சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விடுவாய்.

இந்த பேக்டரிக்கு நாம் முதன்முதலில் வந்தது ஒரு சண்டைக்கு நடுவில். முதலாளிகள் நல்லம்பள்ளிப் பக்கத்து அண்ணன் தம்பி. சொத்தைப் பிரித்து ஆபீஸையும் இரண்டாக்கிக்கொண்டவர்கள், சுவிட்சை மட்டும் பொதுவாக வைத்திருந்தார்கள். ஒரே பெட்டியை உள்ளுக்குள் தடுத்து அண்ணனுக்கு ஒரு வி-லேன், தம்பிக்கு ஒரு வி-லேன். ஒயர்கள் ஒட்டி ஒட்டி இருந்தாலும் ஒன்று பேசுவது மற்றதற்குக் கேட்காது. எடைமேடை இருவருக்கும் பொது என்பதால் அதன் சீட்டு இரண்டு பக்கமும் வர வேண்டும். அதற்காக யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு ஒயரைச் செருகிவிட்டான். தம்பி அடித்த கணக்கெல்லாம் அண்ணன் ரூம் பிரிண்டரில் வந்து விழுந்தது. கேட்க வேண்டுமா! வாய்ச்சண்டை கைகலப்புக்கு வந்து நின்றபோதுதான் நம்மைக் கூப்பிட்டார்கள்.

நான் அந்த ஒயரைப் பிடுங்கினேன். எடைமேடைக்குத் தனியாக மூன்றாவது வி-லேன் போட்டேன். மூன்றுக்கும் சுவிட்சிலேயே வெளியே போய்வர ஆளுக்கொரு வாசல் முகவரி கொடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ரவுட்டிங்கைத் திறந்துவிட்டேன். எடைமேடையோடு இருவரும் பேசலாம், அண்ணன் பக்கமும் தம்பி பக்கமும் தங்களுக்குள் பேசக் கூடாது என்று தடையும் எழுதினேன். அண்ணனுக்குச் சீட்டு வந்தது. தம்பிக்கு வரவில்லை. நான் எழுதியதையே அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தேன். நீதான் தோளுக்குப் பின்னால் நின்று, "போறது போவுது பாய். அந்தப் பக்கத்துக்கு பதில் சொல்ல வழி இருக்குதா?" என்றாய். தம்பியின் கம்ப்யூட்டரில் பழைய வாசல் முகவரியே கிடந்தது. மாற்றியதும் சீட்டு வந்துவிட்டது.

வேலை முடிந்து நான் பையைக் கட்டிவிட்டேன். நீ சும்மா இருந்தாயா? அண்ணனிடம் போய், "எடைமேடைய விட்டா உங்க ரெண்டு பேருக்கும் பொதுவா வேற எதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டாய்.

அவர் மேசைமேல் கிடந்த எடைச்சீட்டை மடித்தார். பிறகு, "அம்மா இருக்குதுங்க," என்றார்.

பேக்டரிக்குப் பின்னால் தம்பி வீட்டில் இருந்தது அந்தம்மா. பாகம் பிரித்த நாளிலிருந்து இவர் அங்கே கால் வைக்கவில்லை. "தம்பி வூட்டு வாசல்ல ஒரு கேமரா இருக்குது. அது மட்டும் என் ரூம்ல தெரியற மாதிரி பண்ண முடியுங்களா? அம்மா அங்கதான் உக்காந்துட்டு இருக்கும்," என்றார். அவ்வளவு பெரிய மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

நான் மறுபடி லேப்டாப்பைத் திறந்தேன். ஒரே ஒரு வரி எழுதினால் போதும். நீ மூடிவிட்டாய். "கேமரா தம்பியோடது பாய். கேக்காம எப்பிடி?"

தம்பியிடம் கேட்டதற்கு அவர் எகிறினார். "கேமராவுல பாக்கறது எதுக்குங்க? கேட்டுக் கதவு தொறந்துதான கெடக்குது? கால் இல்லியா அவருக்கு?" வாசலில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அந்தம்மா என்ன சங்கதி என்றது. நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாய். கேட்டுவிட்டு அது, "அவன் என்னப் பாப்பான், செரி. நான் அவனப் பாக்கறது எதுலப்பா?" என்றது.



திரும்பி வந்து அண்ணனிடம் ஒரு சொல் மாற்றாமல் சொன்னாய். "இப்ப அந்த கேமரா வழியப் போட்டுத் தரட்டுங்களா, வேண்டாங்களா?" என்றும் கேட்டாய். அடிக்கப்போகிறார் என்று நான் ஓரமாக நகர்ந்தேன். அவர் மேசைக்கு அடியில் கிடந்த செருப்பைக் காலால் தேடினார். "கொஞ்சம் இருங்க, வந்துடறேன்," என்று பின்பக்கமாக நடந்தார். நாம் அரைமணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதே. கணக்கு இன்றும் தனித்தனிதான். புது சுவிட்சிலும் அந்தத் தடையை எழுதச் சொன்னார்கள். ஆனால் லேப்டாப்பைத் தொடுமுன் நான் இருவரிடமும் கேட்டேன், யாருக்கு எது தெரிய வேண்டும், எது கூடாது என்று. நானா கேட்டேன் என்று எனக்கே ஆச்சரியம். தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, "அந்த கேமராவ அண்ணனுக்கும் குடுத்துருங்க. அம்மா ராத்திரில எந்திரிச்சு நடக்குது, அவரும் ஒரு கண்ணு பாத்துக்கட்டும்," என்றார். நீ அன்று எழுதவிடாத வரியை இன்று எழுதினேன்.

கேமரா சரியாக நிற்கிறதா என்று பார்க்க தம்பி வீட்டு வாசலுக்குப் போனேன். அண்ணன் அம்மாவுக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தம்மா கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தது. "உங்கூட ஒரு தம்பி வருமே, வாய் ஓயாம கேக்குமே, அது எங்கப்பா?"

காலையிலேயே அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அண்ணன்தான் குனிந்து அதன் காதோரம், "அவரு தவறிட்டாரும்மா," என்றார்.

"அடக் கடவுளே," என்று என் கையைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் விடவே இல்லை. அப்புறம், "அங்க போயி மட்டும் சும்மாவா இருக்கும்? யாரயாச்சும் நிக்க வெச்சுக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும்," என்றது.

சிரித்துவிட்டேன் மாப்ள. சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது, அவர்கள் எல்லோர் முன்னாலும். வண்டியில் வரும்போது வழியெல்லாம் அதே யோசனை. யாரை நிறுத்தி வைத்திருக்கிறாய்? என்ன கேட்டாய்? என்ன சொன்னார்கள்? தெரியாமல் எனக்குத் தலை வெடிக்கிறது. உன் வியாதியை எனக்கு ஒட்டவைத்துவிட்டுப் போய்விட்டாயடா, பாவி.