பதினைந்து வயது கடந்த மனைவியின் புகார்

அனுப்புநர்
ப. உமாதேவி (வயது 23),
க/பெ. பழனிமுத்து,
தற்சமயம்: அண்ணன் ரவிக்குமார் வீடு,
நஞ்சன்கூடு.

பெறுநர்
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மைசூர்.

பொருள்: கணவர் பேரில் கொடுத்த புகாரை ஏற்க மறுத்து, சமாதானக் கடிதத்தில் என் கையெழுத்தைப் பெற்றது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஹனூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள். மைசூரில் ஊதுபத்தி உருட்டும் வேலை பார்த்தேன். என் கணவர் கட்டட மேஸ்திரி. குடிப்பழக்கம் இல்லாதவர், வேலைக்கு ஒழுங்காகப் போகிறவர். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை என்று தாங்கள் நம்புவதற்காக இதையும் எழுதுகிறேன்.

2. 3.8.96 அன்று எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. தையல் போட்டார்கள். ஆறு வாரம் என்னை நெருங்கக் கூடாது என்று நர்ஸ் கமலம்மாள் என் கணவரிடமே சொன்னார். அவரும் தலையாட்டினார்.

3. 14ஆம் தேதி மதியம் சாப்பிட வந்தவர் கதவைச் சாத்தினார். வேண்டாம் என்றேன். தையல் ஆறவில்லை என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "எம் பொண்டாட்டிகிட்ட வர நான் யாரைக் கேக்கோணும்?" என்றார். தையல் பிரிந்துவிட்டது. பிறகு கை கழுவிக்கொண்டு வந்து சோறு கேட்டார். போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மனுவுக்கு இது தேவையில்லையென்றால் தாங்கள் விட்டுவிடலாம்.

4. அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுபடியும் தையல் போட்ட சீட்டின் நகலை இணைத்துள்ளேன். அங்கிருந்து அண்ணன் என்னையும் குழந்தையையும் அழைத்து வந்தார்.

5. 26ஆம் தேதி நானும் அண்ணனும் கணவர் வீட்டுப் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போனோம். எஸ்.ஐ. அவர்கள் என்னை உட்காரச் சொல்லி, மரியாதையாகவே பேசினார். சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டி, "பதினஞ்சு வயசு தாண்டின பொண்டாட்டின்னா இது பலாத்காரம் ஆகாதும்மா. நான் என்ன எழுத?" என்று தமிழிலேயே கேட்டார். கொடுமை என்றாவது எழுதுங்கள் என்றார் அண்ணன். அடித்த காயம் எங்கே என்றார். என்னால் காட்ட முடியவில்லை.

6. பிறகு என் கணவரை வரவழைத்து, கன்னடத்தில் எழுதிய ஒரு தாளில் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. ஒரு வழக்கறிஞர் அம்மா அதைப் படித்துச் சொன்ன பிறகுதான், "கோபத்தில் பொய்ப் புகார் சொல்லிவிட்டேன், இனி அனுசரித்து நடப்பேன்" என்று நான் எழுதிக் கொடுத்ததாக அதில் இருப்பது தெரிந்தது.

7. கோர்ட்டில் பிரிந்து வாழத் தீர்ப்பு வாங்கியிருந்தால் இதே செயல் குற்றமாகும் என்றும், அதற்குச் சில வருடங்கள் ஆகும் என்றும் அந்த அம்மா சொன்னார். அதுவரை நான் இருக்க இடமில்லை. அண்ணன் வீடு ஒற்றை அறை. அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன்.

8. சட்டத்தை மாற்றத் தங்களாலும் ஆகாது என்று அறிவேன். நான் பொய் சொன்னதாக உள்ள அந்தத் தாளை மட்டும் ரத்து செய்து, நான் வேண்டாம் என்று சொன்னதைத் தங்கள் பதிவேட்டில் ஒரு வரியாவது எழுதிவைக்க உத்தரவிடுமாறு பணிந்து வேண்டுகிறேன்.

9. ஆறு வாரம் முடிவதால், வரும் ஞாயிற்றுக்கிழமை கணவர் என்னை அழைத்துப்போக வருகிறார். ஆகவே தங்கள் பதில், பின்பக்கம் எழுதியுள்ள அவர் வீட்டு முகவரிக்குத்தான் வர வேண்டியிருக்கும். உறையின் மேல் காவல்துறை முத்திரை இல்லாமல் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: நஞ்சன்கூடு
நாள்: 12.9.1996

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ப. உமாதேவி