கருப்பியின் முட்டைகளும் அறுந்த சென்சார் வயரும்

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலிருந்தே மூட்டம். மழைதான் இல்லை. பருத்தி போட்டவர்கள் எல்லாம் வானத்தையே பார்க்கிறார்கள்.

இவர் கரி மூட்டை லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் கிளம்பிவிட்டார். போகும்போது சொன்னது: “செல்வி, சூடு முப்பத்தேழரையிலருந்து எறங்கக் கூடாது. நாளையிலருந்து முட்டையத் திருப்பிவிட வேணாம். பெட்டியில தண்ணி வத்தாமப் பாத்துக்க.” இத்தனையும் பெட்டிக்கு. எனக்கு ஒரு ‘வாரேன்’ மட்டும்.

கருப்பியை நாய் கடித்துப் போட்டதிலிருந்தே இப்படித்தான். குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்த கோழி. அன்றைக்கு இவர் சோறு தொடவில்லை. அடை வைக்க நான் அரிசிப் பானையில் சேர்த்து வைத்திருந்த அவளுடைய முட்டைகள்தான் மிச்சம். அதற்காக போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு தெர்மோகோல் பெட்டி செய்தார். உள்ளே பல்பு. சூட்டை அளக்க வயர் நுனியில் ஒரு சென்சார். சூடு ஏறினால் பல்பு தானே அணையும், இறங்கினால் எரியும். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இப்போது பெட்டியோடு மூன்று.

கேஸ் புக் பண்ண வேண்டும். தைக்க வந்த நைட்டிக்கு ஊதா நூல் தீர்ந்துவிட்டது.

புதன்

வெயில். மதியம் தையல் மிஷினிலிருந்து எழுந்து பெட்டியைப் பார்த்தால் பல்பு எரியவில்லை. நம்பர் வரும் இடத்தில் மூன்று கோடு மாதிரி ஏதோ எழுத்து. முட்டையைத் தொட்டேன். வெதுவெதுப்புக் குறைவு.

வயரை ஆட்டினால் முப்பத்துநாலு. விட்டால் எழுத்து. மறுபடி ஆட்டினால் முப்பத்துமூன்று. பெட்டியின் மூடி அழுத்தி அழுத்தி, அந்த இடத்தில் வயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு மதினி, இவருடைய அக்கா, எட்டிப் பார்த்தார்கள். “கோழி செய்ற வேலைய பல்பு செய்யுமாடி? எல்லாத்தையும் ஊத்தி ஆம்லேட்டு போடு.” சொல்லிவிட்டுப் போனவர்கள், கொஞ்ச நேரத்தில் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, பழைய சேலையில் சுற்றி எடுத்து வந்தார்கள். முட்டைகளைச் சுற்றி அடுக்கியதும் அவர்களேதான். ஆற ஆற மாற்றினோம்.

திருச்சுழி மொபைல் கடைக்கு போன். “அந்த சென்சாரு நம்மகிட்ட இல்லக்கா. ஆன்லைன்ல போட்டா நாலஞ்சு நாளாவும்.” அதற்குள் பொரிக்க வேண்டிய நாளே வந்துவிடும்.

அப்போதுதான் தோன்றியது. சென்சார் கெடவில்லை. வயர்தான். நானே ஈயம் வைத்து ஒட்டினால் என்ன? கல்யாணத்துக்கு முன் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை. போர்டு போர்டாக, நாள் முழுக்க. கம்பெனி வேலை பார்த்தேன் என்று இவருக்குத் தெரியும். என்ன வேலை என்று கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

சாயங்காலம் இவர் போன். “சூடு எவ்வளவு?” முப்பத்தேழரை என்றேன். வண்டி ஓட்டுகிற மனுசனைக் கலங்கடிப்பானேன். “நீங்க சாப்ட்டீகளா?” என்றேன். கேட்டது அவர் காதில் விழுந்ததோ என்னவோ.

வியாழன்

ராத்திரி முழுக்க வெந்நீர் மாற்றிவிட்டு, முதல் பஸ்ஸில் அருப்புக்கோட்டை. முட்டைக்கு மதினி காவல். சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, பேஸ்ட், வயர் மேல் மாட்டுகிற ரப்பர் உறை. கடைக்காரர்: “வீட்டுக்காரரு என்ன அயர்னு கேட்டாரும்மா?” “எனக்குத்தாண்ணே.” “அப்ப இதக் கொண்டு போங்க, கைப்பிடி சுடாது.” நல்ல மனுசன். ஊதா நூல் மறந்துவிட்டேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தேன். கெட்ட துண்டை வெட்டினால் உள்ளே செம்பு கறுத்திருக்கிறது. ஈயம் பிடிக்கவே இல்லை. மணி மணியாக உருண்டு ஓடுகிறது. பிளேடால் சுரண்டி, பேஸ்ட் தடவி, கம்பியை முதலில் சூடாக்கி, பிறகு ஈயத்தைக் காட்டினேன். சட்டென்று பாய்ந்து பளபளத்தது. அந்தப் புகை வாசம்! ஹாஸ்டல், ஷிப்டு பஸ், பக்கத்து சீட்டு ஜெயா, எல்லாம் ஒரு நொடி.

இரண்டு கம்பியும் ஒட்டி முடித்து நிமிர்ந்தால், உறை மேசை மேலேயே கிடக்கிறது. ஒட்டுவதற்கு முன் மாட்ட வேண்டியது.

“என்னடி, மூஞ்சி இப்புடிப் போகுது?”

“சட்டையப் போடாம பித்தானப் போட்டுட்டேன் மதினி.”

மதினி சிரித்த சிரிப்பில் தெரு நாய் குரைத்தது. மறுபடி வெட்டு. மறுபடி சுரண்டல். ஆள்காட்டி விரலில் ஒரு சூடு. இந்தத் தடவை உறையை மாட்டி ஒட்டி, தீக்குச்சி காட்டிச் சுருக்கினேன். மூடி அழுத்தாத பக்கமாகத் துளை போட்டு, வயரை அதன் வழியே விட்டேன்.

பிளக். நம்பர் வந்தது! பல்பும் எரிந்தது. மதினி கண்டக்டர் ஸ்டாப் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாசித்தார்கள். முப்பத்தேழரையில் ‘டிக்’. அணைந்தது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் உள்ளே வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. மதினி என் தலையில் கை வைத்து, “ஏத்தா, நீ பெரிய ஆளுதான்” என்றார்கள்.

இவர் போன் பண்ணியபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“நீயா பத்த வச்ச?”

“ஆமா.”

“கையில கிய்யில சுட்டுக்கிட்டியா?”

“லேசா.”

“மருந்து போடு. லோடு எறக்கிட்டேன், ரிட்டன் லோடு கெடச்சதும் வாரேன்.”

சூடு எவ்வளவு என்று கேட்கவே இல்லை.

சனி

தூறல். மண் வாசம். காலையில் ஒரு முட்டையில் கீறல். காதை வைத்தால் உள்ளிருந்து கீச்சு. மிஷினில் உட்காரவே முடியவில்லை. மதியத்துக்குள் மூன்று குஞ்சுகள். ஈரத் துணி பிழிந்து போட்ட மாதிரி இருக்கின்றன, பாவமாக.

ஞாயிறு

ஏழு பொரித்தன. நாலு பொரிக்கவில்லை. அந்தக் குளிர்ந்த மதியம்தானோ என்னவோ. அந்த நாலையும் மதினி வேப்ப மரத்தடியில் புதைத்தார்கள். ஆம்லேட்டு பேச்சு இல்லை.

இவர் பத்து மணிக்கு வந்தார். கரித்தூள் அப்பிய கையோடு நேரே பெட்டியிடம் போகப் பார்த்தார். கை கழுவினால்தான் என்றேன். கழுவி வந்து, முதலில் என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு வயரில் நான் ஒட்டிய இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஒரு கறுத்த குஞ்சை உள்ளங்கையில் தூக்கி, “யக்கா, கருப்பி மாதிரியே இல்ல?” என்றார்.

மதினி குனிந்து நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: “இல்லடா. செல்வி சாடை.”

இவர் சிரித்தார். நான் அடுப்பைப் பார்க்க உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.