தொம்மென்று விழும் குலை

என் அன்பு மகேசு,

நீ இருந்தபோது உன்மேல் எனக்குப் பொறாமை. நீ போன பிறகும் அது போகவில்லை. ஓரகத்திகளுக்குள் வரும் நகை, சேலைப் பொறாமையாக இருந்தால் எப்போதோ ஆறியிருக்கும். இது கவிதைப் பொறாமை, எப்படி ஆறும்?

நம் குடும்பத்தில் ஞாயிறு மலரில் முதலில் பெயர் வந்தது எனக்குத்தான். என் கொழுந்தன் மணியைக் கட்டிக்கொண்டு வந்து, என்னோடு செனாவாங் தொழிற்சாலைக்கு ஷிப்டுக்கு வரத் தொடங்கியபின் நீயும் எழுதினாய். நான் சோகம், மௌனம் என்று எழுதினேன். நீ மழையைச் 'சடசட' என்றாய். மணியின் மோட்டார் சைக்கிளைப் 'புடுபுடு' என்றாய்.

"இந்தச் சத்தத்தையெல்லாம் எடுத்துட்டா ஒன் கவிதையில என்னடி மிச்சம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியலக்கா. எனக்கு மொதல்ல காதுலதான் வருது," என்றாய். உனக்குக் கோபமே வராது. அதுவும் எனக்குப் பொறாமை.

போன ஞாயிறு காலை, பெடாஸில் நம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் உனக்கு நினைவுக் கூட்டம். செம்பனைக் குலை வெட்டப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணைப் பற்றி நீ எழுதியதை என்னையே வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன்.

'சரக்கென்று மட்டை சாயும்,
தொப்பென்று குலை விழும்,
திக்கென்று என் நெஞ்சு
நீ வரும்வரை.'

கடைசி வரிசையிலிருந்து மணி எழுந்தார். நீ போனதிலிருந்து ஆமாம், இல்லை என்பதற்கு மேல் அவர் பேசியதில்லை.

"தொப்பு இல்லண்ணி. தொம்மு. தொப்புன்னா சேத்துல விழுற பழம். முழுக் குலை தொம்முன்னுதான் விழும். நான் கொல வெட்டுற எடத்துக்கே வந்து நின்னு கேட்டுட்டுத்தான் அவ எழுதுனா லா."

சொல்லி முடித்ததும் நின்றபடியே அழுதார். காடாற்றிய அன்றுகூட அழாத மனுஷன், மகேசு. நான் திரும்பவும் வாசித்தேன். தாளில் நீ 'தொம்' என்றுதான் எழுதியிருந்தாய்; நான்தான் தப்பாக வாசித்திருந்தேன்.

திரும்பும் வழியில் துக்கத்தைவிடப் பொறாமைதான் என்னைத் தின்றது. நான் செத்தால் என் வரியை யாராவது தப்பாக வாசிப்பார்கள். எழுந்து நின்று திருத்த யார் இருக்கிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரை உட்காரவைத்து என் கவிதை ஒன்றை வாசித்துக் காட்டினேன். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். கொஞ்சம் யோசித்து, "இன்னொரு வாட்டி படி," என்றார்.

உன் கவிதைகள் புத்தகமாக வருகின்றன. 'சடசட'வை 'பெருமழை' என்று மாற்றலாமா என்று பதிப்பிக்கிறவர் கேட்டார். ஓர் எழுத்தையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் மணிக்கு உரக்க வாசித்துக் காட்டுவேன். அவர் காது ஒப்புக்கொண்ட பிறகுதான் புத்தகம். இது சத்தியம். உன்மேல் பொறாமைப்படுவதை மட்டும் விடமாட்டேன்.

உன் மூத்த ஓரகத்தி,
சரோஜா